கோகா இருந்த பலகை

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் நாங்கள் வைத்த பழைய ஜூடோ புகைப்படக் காட்சியைப் பார்த்துவிட்டுப் பலரும் என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தில் பெரும்பங்கு வேறு ஆட்களுக்குச் சேர வேண்டியது. மைக்கில் சொல்லத்தான் நினைத்தேன். பேச ஆரம்பித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆப்பிரிக்க ஜூடோ சாம்பியன்ஷிப் 2006, 2009, 2014 என்று எட்டு வருட இடைவெளிக்குள் மூன்று தடவை நம் மொரிஷியஸின் போர்ட் லூயிஸில் நடந்தது. இவ்வளவு பெரிய கண்டத்தில், இந்தச் சின்னத் தீவுக்கு மூன்று தடவை! என் ஞாயிறு தமிழ் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சனிக்கிழமை ஜூடோவுக்குப் போகிறவர்கள். ‘எனக்குப் பிடித்த விளையாட்டு’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது ஒரு பையன் இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டான். “வீட்ல கிரியோல்ல சொல்லுவேன் டீச்சர், தமிழ்ல வார்த்தை இல்ல” என்றான். கிரியோல்தான் இங்கே வீட்டிலும் தெருவிலும் பேசும் மொழி. அன்றைக்குத்தான் இந்த வேலை தொடங்கியது.

முதல் நன்றி பிஸ்கட் டப்பா தாத்தாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று போட்டியிலும் நேரக் கணக்கு மேசையில் உட்கார்ந்தவர். ரோஸ் ஹில் வீட்டில் அலமாரிக்கு மேலிருந்து அவர் இறக்கிக் கொடுத்த டப்பாவில் 63 படங்கள் இருந்தன. ஒன்றின் பின்னாலும் தேதி இல்லை. எது எந்த வருடம் என்று கேட்டால் தாத்தா ஒன்று சொன்னார், அவருடைய தம்பி வேறொன்று சொன்னார். மண்டபமும் ஒன்றுபோலவே இருந்தது, கொடிகளும் அதே கொடிகள். இரண்டு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் பிள்ளைகளின் ஜூடோ மாஸ்டர். வேலை முடிந்து களைத்து வந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்பினார். முகங்களைப் பார்க்கவே இல்லை. புள்ளிப் பலகையைப் பார்த்தார். “இதுல கோகாவுக்குக் கட்டம் இருக்கு பாருங்க. அப்ப இது 2006” என்றார்.

எனக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்கினார். எதிராளியை வேகமும் வலுவுமாக மல்லாக்க வீழ்த்தினால் இப்போன், ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதற்குக் கீழே வசாரி, அதற்கும் கீழே யூகோ. எல்லாவற்றுக்கும் கடைசியில் கோகா என்று ஒரு சின்னப் புள்ளி இருந்தது. எதிராளி தொடையிலோ பின்பக்கத்திலோ பட்டு விழுந்தால் அது கிடைக்கும். 2009 தொடக்கத்தில் உலக ஜூடோ சம்மேளனம் அதை எடுத்துவிட்டது. நம் ஊரில் இரண்டாவது போட்டி அதே வருடம் ஏப்ரலில். ஆக, பலகையில் நான்கு கட்டம் இருந்தால் முதல் போட்டி.

சரி, பலகை தெரியாத படங்களை என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு படத்தில் ஒரு வீரர் குனிந்து எதிராளியின் கால்சட்டையை முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் வாரிப் பிடித்திருக்கிறார். “இது 2014-ஆ இருக்கவே முடியாது” என்றார். நேரடியாகக் காலைப் பிடித்துத் தாக்குவதற்கு 2010-ல் தடை வந்தது. 2013-ல் இன்னும் இறுக்கி, இடுப்புக்குக் கீழே கையே போகக்கூடாது என்று ஆக்கினார்கள். இப்படியே ஒவ்வொன்றாக, இரவு பதினொரு மணிக்குள் 58 படங்களுக்கு வருடம் போட்டுவிட்டோம். விதி மாறும்போது விளையாட்டுக்காரர்களின் உடம்பு நிற்கும் விதமே மாறிவிடுகிறது என்பதை அன்று என் கண்ணால் பார்த்தேன். பழைய படங்களில் எல்லோரும் குனிந்து நிற்கிறார்கள், 2014 படங்களில் முதுகு நிமிர்ந்திருக்கிறது. மாஸ்டர், அந்த ஓர் இரவுக்கு நான் எப்படிக் கைம்மாறு செய்வேன்?

அப்புறம் சமையல்கட்டு அக்காவுக்கு. 2006-ன் தொடக்கம் நம் தீவுக்கே கெட்ட காலம். சிக்குன்குனியா வராத தெரு இல்லை. மே மாதம் போட்டி வந்தபோது அக்காவுக்கு விரல் மூட்டு வீக்கம் முழுசாக வடியவில்லையாம். அந்தக் கையோடு தன்னார்வலர்களுக்குத் தோல்பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) தட்டிக் கொடுத்திருக்கிறார். தத்தாமி விரிக்க வந்த பையன்கள் பசியோடு திரும்பக் கூடாது என்பது அவர் எண்ணம். தத்தாமி என்றால் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலமான மெத்தை. ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். விரல் நுழைகிற இடுக்கு இருந்தாலும் கால் சிக்கி முறியும். பதக்கப் பட்டியலில் இந்த வேலைக்கு இடமில்லை. ஆனால் நம் படக்காட்சியின் நடுச்சுவரில் அக்காவின் படம்தான் இருந்தது. நான்தான் வற்புறுத்தி அங்கே வைத்தேன், அதை மாற்றச் சொன்னவர்களிடம் அது அங்கேதான் இருக்க வேண்டும் என்று இப்போதும் சொல்வேன்.

ரொத்ரிக்ஸ் தீவிலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருக்கும் குடும்பத்துக்கும் நன்றி. அந்தத் தீவின் பெண் கிறிஸ்தியான் லெஜாந்தி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 52 கிலோ பிரிவில் ஏழாவது இடம் வரை போனார். அதைப் பற்றி அந்த வீட்டம்மா சொல்லச் சொல்ல, என் வகுப்புப் பெண் பிள்ளைகள் நான்கு பேர் எழுதி எடுத்தார்கள். அந்த நான்கு தாள்களை அப்படியே, எழுத்துப் பிழையோடு, ஒட்டினோம்.

ஆப்பிரிக்க ஒலிம்பிக் பதக்கங்களுக்கென்று ஒரு சுவர் வைத்ததும் மாஸ்டர் யோசனைதான். எகிப்தின் முகமது ரஷ்வான் 1984 லாஸ் ஏஞ்சலஸில் இறுதிப் போட்டிக்கு வந்தபோது, எதிரே நின்ற ஜப்பானின் யமாஷிதாவுக்கு வலது கெண்டைக்காலில் காயம். ரஷ்வானுக்கு வெள்ளி கிடைத்தது, நேர்மையான ஆட்டத்துக்கு விருதும் கிடைத்தது. அந்தக் காலை அவர் குறிவைத்தாரா இல்லையா என்று ஜூடோக்காரர்கள் இன்னும் வாதாடுவார்கள். பிள்ளைகளும் மண்டபத்தில் அரை மணி நேரம் வாதாடினார்கள், முழுக்க முழுக்கத் தமிழில். அதற்குப் பக்கத்திலேயே 2008 பெய்ஜிங்: அல்ஜீரியாவின் அமர் பெனிக்லெஃப் வெள்ளி, சுரையா ஹத்தாத் வெண்கலம், எகிப்தின் ஹிஷாம் மிஸ்பா வெண்கலம். எட்டே மாதம் கழித்து நம் ஊரில் கண்டத்துப் போட்டி. 2009 ஏப்ரலில் மண்டபம் ஏன் அப்படிப் பரபரப்பாக இருந்தது என்று தாத்தா சொன்னது அந்தச் சுவரைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வார்த்தைகள் தந்தவர் ஓய்வு பெற்ற எங்கள் தமிழ் ஐயா. ஜப்பானியச் சொல் ஒவ்வொன்றையும் மொழிபெயர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஐயா நிதானமாக, “இப்போன் இப்போனாகவே இருக்கட்டும் அம்மா, உலகம் முழுக்க அதே சொல்தான். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதை மட்டும் எடுத்துக்கொள்” என்றார். தரையில் அழுத்தி வைப்பதற்கு அமுக்குப்பிடி, கை மூட்டை மடக்குவதற்குக் கிடுக்கிப்பிடி. கட்டுரையைப் பாதியில் நிறுத்திய பையன் இந்த இரண்டையும் கேட்டதும் சிரித்த சிரிப்பை ஐயா பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். படங்களைப் பெரிதாக்கக் கொடுத்த ஒரு கடையில் தண்ணீர் ஒழுகி ஏழு படங்கள் ஒட்டிக்கொண்டன. தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று அழுதுகொண்டிருந்தேன். வக்வாவில் இருந்து ஒரு தம்பி, அதுவரை முகம் தெரியாதவர், பஸ் ஏறி வந்தார். தட்டில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, படங்களை ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியில் உலர்த்திக் கொடுத்தார். ஆறு பிழைத்தன. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வருடம் தெரியாமல் இன்னும் ஐந்து படங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் நீல ஜூடோகி (ஜூடோ உடுப்பு) போட்ட ஒரு பெண் தத்தாமி ஓரத்தில் உட்கார்ந்து கட்டைவிரலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருக்கிறார், பின்னால் பலகை இல்லை. அடையாளம் தெரிந்தவர்கள் ஞாயிறு காலை வகுப்புக்கு வந்து சொல்லுங்கள். இந்த மாதக் கடைசியில் டப்பாவைத் தாத்தாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் அந்தப் படத்தின் பின்னாலும் பென்சிலால் ஒரு வருடம் எழுதிவிட ஆசை.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் ஞாயிறு வகுப்பு டீச்சர்