நாய் கடித்தவருக்கு ரத்தப் பரிசோதனை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் அண்மையில் வந்த நாய்க்கடிச் செய்தியைப் படித்தேன். நாய் யாரைக் கடித்தது, எந்தத் தெருவில் கடித்தது, அதைப் பிடிக்க ஆட்கள் எவ்வளவு தாமதமாக வந்தார்கள் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. கடைசியில், 'காயமடைந்தவர்களுக்கு ஊசி போடப்பட்டு ரத்தப் பரிசோதனை செய்யவும் அறிவுறுத்தப்பட்டது' என்று முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். என்ன ஊசி? எதற்குப் பரிசோதனை?

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நாய்க்கடி ஊசி போடும் அறையில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. கொரோனாவுக்குப் பிறகு மக்களிடம் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். மூக்கில் குச்சி விட்டு எடுத்தால் நோய் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பது எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. எந்த நோய்க்கும் முதலில் 'டெஸ்ட்', பிறகு மருந்து என்று நினைக்கிறார்கள். ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் விஷயத்தில் இந்த நினைப்பு உயிரைக் குடித்துவிடும்.

எங்கள் அருவங்காட்டில், என் வீட்டுக்கு மேல் வரிசையில் குடியிருக்கும் தம்பி ஒருவர் பேக்கரியில் வர்க்கி போடுகிறவர். விடியும் முன் வேலைக்குப் போகும் வழியில் நாய் ஒன்று கணுக்காலைக் கடித்துவிட்டது. மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான், "ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே, எதற்கு வீணாக அலைகிறாய்?" என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவது ஊசிக்குப் போகவேண்டிய நாளில் தனியார் ஆய்வகம் ஒன்றுக்குப் போய், கேட்ட பணத்தைக் கொடுத்து ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு வந்ததும் மலர்ந்த முகத்தோடு தாளை என்னிடம் நீட்டினார். "ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது, சிஸ்டரம்மா. மீதி ஊசி வேண்டாமல்லவா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். அது ரேபிஸ் கிருமியைத் தேடிய பரிசோதனையே அல்ல. அந்தக் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்த பரிசோதனை. இதற்கு முன் இந்த ஊசியே போடாத எந்த மனிதரின் ரத்தத்திலும் முதல் ஊசி போட்ட மூன்றாம் நாள் அது போதுமான அளவு இருக்காது. உடல் அதைத் தயாரித்துக் காட்டவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அப்படியென்றால் அந்தத் தாள் சொன்னது என்ன? 'உனக்கு இன்னும் பாதுகாப்பு வரவில்லை, ஓடிப்போய் அடுத்த ஊசியைப் போடு' என்பதுதான். அதை அவர் தலைகீழாகப் படித்திருந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். பணம் வாங்கிக்கொண்டு தாளைக் கொடுத்தவர்கள், இது எதற்கான பரிசோதனை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கே அவரைக் குன்னூருக்கு பஸ் ஏற்றிவிட்டேன்.

அந்தப் பரிசோதனையால் பயனே இல்லையா என்றால், உண்டு. கால்நடை மருத்துவர்கள், நாய் பிடிக்கும் பணியாளர்கள், எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகள் ஆகியோருக்கு ஊசிகளெல்லாம் முடிந்த பிறகு அது பிடித்திருக்கிறதா என்று பார்க்க உதவும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு இருந்தால் போதுமானது என்று கொள்வார்கள். வளர்ப்பு நாயை விமானத்தில் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறவர்களும் நாய்க்கு இதை எடுப்பார்கள். நேற்று கடிபட்டவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

கிருமியையே நேராகத் தேடினால் என்ன என்று கேட்கலாம். டெங்குவுக்கு அப்படிச் செய்கிறோம். காய்ச்சலின் முதல் சில நாட்களில் டெங்கு வைரஸின் என்எஸ்1 புரதம் ரத்தத்திலேயே அகப்படும். ஐந்து நாள் தாண்டினால் எதிர்ப்பொருளைப் பார்ப்பார்கள். ரேபிஸ் வைரஸ் ரத்தத்தின் பக்கமே போவதில்லை. கடித்த இடத்துத் தசையில் தங்கி, அங்கிருக்கும் நரம்பு நுனிக்குள் நுழைந்து, நரம்பின் உள்வழியாகவே மூளைக்கு ஏறுகிறது. நரம்புக்குள் போய்விட்ட கிருமியை நம் உடலின் காவல் அணுக்கள் காண்பதில்லை. அதனால்தான் காய்ச்சலும் வராது, உடல் தானாக விழித்துக்கொள்வதும் இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் இப்படியே கழியும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே வரும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். முகத்திலும் தலையிலும் கடிபட்ட குழந்தைகளுக்கு வழி குறுகியது, நாளும் குறைவு.

மூளையை எட்டியபின் உமிழ்நீரிலும் பிடரித் தோலின் மயிர்க்கால் நரம்புகளிலும் தண்டுவட நீரிலும் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவரைக் காப்பாற்ற மருந்து கிடையாது. எண்ணிச் சொல்லக்கூடிய ஒருசிலரே உலகில் பிழைத்திருக்கிறார்கள். நாய்க்கும் அப்படித்தான்: உறுதியாகத் தெரியவேண்டுமானால் அது செத்தபின் மூளையை எடுத்து, ஒளிரும் சாயம் பூசிய எதிர்ப்பொருளைக் கொண்டு நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். ஆகவே அறிகுறி இல்லாத காலத்தில் செய்யக்கூடிய பரிசோதனை எதுவும் இல்லை. கடியைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். கடித்தது வீட்டு நாயாகவோ பூனையாகவோ இருந்து, பத்து நாளுக்குப் பிறகும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் கிருமி இருந்திருக்காது. அந்தப் பத்து நாளையும் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் காத்திருக்கவேண்டும். 'குட்டிதானே, பல்கூட முளைக்கவில்லை' என்று வருகிறவர்கள் நிறையப் பேர். தடுப்பூசி போடும் வயதே ஆகாத குட்டி அது என்பதை யோசிப்பதில்லை. சிம்ஸ் பூங்கா வாசலில் குரங்குக்குக் கடலை நீட்டிக் கடி வாங்கிக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகளுக்கும் இதே சிகிச்சைதான். அவர்களில் பாதிப்பேர் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்று காரில் ஏறிவிடுவார்கள்.

முதல் வேலை சோப்பும் குழாய்த் தண்ணீரும். 15 நிமிடம். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துக் கிருமியைக் கொன்றுவிடும். மார்கழிக் குளிரில் குன்னூர்த் தண்ணீரில் கால் மணி நேரம் காலைக் காட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்கும் தெரியும். என்றாலும் காபித்தூளும் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். அதைக் கழுவி எடுக்கவே எங்களுக்குப் பாதி நேரம் போகும்.

பல் பதிந்து ரத்தம் வந்திருந்தால் இரண்டு வேறு மருந்துகள் வேண்டும். இதில்தான் குழப்பம் அதிகம். தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். பெரும்பாலும் வீரோ எனப்படும், குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட செல்களில் வளர்த்துச் செயலிழக்கச் செய்தது. உயிரில்லாததால் நோயைத் தராது. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் போடலாம். தோலில் காவல் அணுக்கள் நிறைய இருப்பதால், 0.1 மில்லி அளவைத் தோலுக்குள்ளேயே, இரண்டு மேற்கைகளிலும் போடுகிறோம். அந்த அணுக்கள் வைரஸின் துண்டுகளை நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச்செல்ல, அங்கே அதை அடையாளம் காணும் செல்கள் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன. 0, 3, 7, 28 என்று நாள் குறிப்பது இதற்காகத்தான் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). முதல் ஊசி அந்தச் செல்களை எழுப்புகிறது, அடுத்தவை அவற்றின் எண்ணிக்கையையும் திறமையையும் கூட்டுகின்றன. 28ஆம் நாள் ஊசியால் அந்த நினைவு நீண்டகாலம் நிலைக்கும். தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் உண்டு. எந்த முறையிலும் புட்டத்தில் போடக்கூடாது. அங்குள்ள கொழுப்பில் மருந்து தேங்கி வீணாகும்.

எதிர்ப்பொருள் வரும்வரை உள்ள அந்த ஏழு, பத்து நாள் யார் காவல்? அதற்குத்தான் நாங்கள் சீரம் என்று சொல்லும் இம்யூனோகுளோபுலின். வேறொருவர் உடலிலோ குதிரை உடலிலோ உருவான எதிர்ப்பொருளை எடுத்து, எடைக்குத் தக்கபடி, மனிதச் சீரம் என்றால் கிலோவுக்கு 20 அலகும் குதிரைச் சீரம் என்றால் 40 அலகும், காயத்தின் உள்ளேயும் சுற்றியும் செலுத்துவார்கள். இது அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்று. நம் சம்பளம் வரும்வரை தாங்கும், அவ்வளவுதான். காயத்துக்குள்ளேயே ஊசி குத்துவதைப் பார்க்கப் பெற்றோருக்குப் பொறுக்காது. "தொடையில் போட்டுவிடுங்களேன்" என்று கெஞ்சுவார்கள். கிருமி நுழைந்த இடம் காயம்தான். நரம்பைத் தொடும் முன் அங்கேயே அதை மறித்துப் பிடிக்கவேண்டும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் சீரம் தேவையில்லை. உடல் சொந்தமாகவே சுரக்கத் தொடங்கியிருக்கும். காயத்துக்கு உடனே தையல் போடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாய் கடித்த பலருக்கும் டிடி ஊசியும் போடுவார்கள். அது டெட்டனஸ் எனப்படும் இசிவு நோய்க்கானது, ரேபிஸைத் தொடவே தொடாது. அருகிலுள்ள மருந்தகத்தில் டிடி போட்டுக்கொண்டு, 'ஊசி போட்டாகிவிட்டது' என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. தங்கள் செய்தியில் 'ஊசி போடப்பட்டு' என்று பொதுவாக எழுதியதை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு தடை பழைய பயம். எங்கள் மலையில் வயதானவர்கள் இப்போதும் 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' என்றுதான் சொல்வார்கள். அது கற்பனை அல்ல. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஐரோப்பியப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது சிகிச்சைக்கு இமயமலைப் பக்கத்து கசௌலிக்குப் போகவேண்டும். அந்தச் சாவுக்குப் பிறகு எழுந்த கோரிக்கையும் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் வைஸ்ராய் கர்சனிடம் அளித்த நன்கொடையும் சேர்ந்துதான் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. அந்தக் காலத்து மருந்து ஆட்டு மூளையில் வளர்த்தது. வைரஸோடு மூளைத் திசுவும் உடலுக்குள் போனதால், எதிர்ப்பாற்றல் அதையும் பகை என்று எண்ணி, சிலருக்குச் சொந்த நரம்புறையையே தாக்கிக் கைகால் முடங்கச் செய்தது. இந்தியாவில் அந்த மருந்தைத் தயாரிப்பது 2004 இறுதியோடு நின்றுபோனது. இப்போதைய ஊசியில் மூளையும் இல்லை, தொப்புளும் இல்லை, பத்தியமும் இல்லை. மீன், முட்டை, கத்திரிக்காய் எல்லாம் சாப்பிடலாம். பாஸ்டர் நிலையத்தின் மதிலை ஒட்டி தினமும் நடந்து போகிறவர்களே இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எஸ்டேட் லயன்கள் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளில் சிக்கல் வேறு. 3ஆம் நாளும் 7ஆம் நாளும் கொழுந்து பறிக்கும் நாளாக அமைந்தால் அன்றைய கூலி போகும். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய நாளே போயிற்று. ஒரு நாள் பிந்திவிட்டால் இனிப் போய்ப் பயனில்லை என்று நின்றுவிடுகிறார்கள். அப்படி இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்து தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு நாள் குறித்த சீட்டு தமிழில் இருந்தால் என்ன புரியும்? இந்தியிலும் அச்சிட்டால் மருத்துவமனைக்கு என்ன குறைந்துவிடும்? அந்தச் சீட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கவும் சொல்லவேண்டும். முழுதும் போட்டுக்கொண்டவரை மறுபடி நாய் கடித்தால், பழைய நினைவு செல்களில் இருப்பதால் 0, 3 ஆகிய இரு நாள் ஊசி போதும், சீரம் வேண்டாம். சீட்டு இல்லையென்றால் எதை நம்பிக் குறைத்துப் போடுவது?

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே. நாய்க்கடிச் செய்தி வரும்போதெல்லாம் அதன் அடியில் சிறு கட்டம் ஒன்று போடுங்கள். சோப்பால் 15 நிமிடம் கழுவவேண்டும், தடுப்பூசி நாட்கள் 0, 3, 7, 28, ரத்தம் வந்த காயத்துக்குச் சீரம், டிடி மட்டும் போதாது, கடிபட்டவருக்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று ஐந்து வரி போதும். சீரம் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருப்பதில்லை. மாவட்டத்தில் எங்கெங்கே இருக்கிறது என்பதைச் சுகாதாரத் துறையிடம் தங்கள் செய்தியாளர் கேட்டு அதையும் சேர்க்கட்டும். இடம் மிஞ்சினால் 104 என்ற இலவச மருத்துவ உதவி எண்ணையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
அருவங்காடு, நீலகிரி.