பூனைக்குத் தடவுறது எல்லாமே உள்ள போகும்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வார இணைப்புல, பூனை ஓயாம தன்னையே நக்கி தோல் சிவந்து போச்சு என்ன பண்றதுன்னு கேட்ட ஒரு வாசகருக்கு, மன அழுத்தம்தான், வீட்ல இருக்குற அரிப்பு களிம்பை லேசா தடவுங்க, போகப்போக சரியாயிடும்னு ரெண்டே வரியில பதில் போட்டிருந்தீங்க. அந்த ரெண்டு வரியையும் ஒன்றரை வருஷம் முன்னாடி எனக்கு நானே சொல்லிக்கிட்டு செஞ்சும் பாத்தவ நான், அதான் உக்காந்து இந்த லெட்டர எழுதறேன்.

எங்க கருப்பிக்கு முதல்ல அடிவயித்துலதான் முடி போச்சு, அங்க யாரு குனிஞ்சு பாக்குறது. ஒரு நாள் மல்லாந்து தூங்கிட்டு இருந்தப்போ பாத்தா தொடை உள்பக்கம் வரைக்கும் மொழுமொழுன்னு இருக்கு, நடுவுல ரெண்டு இடம் ஈரமா சிவந்து கிடக்கு. அவ நக்குறத நாங்க பாத்ததே இல்லைங்க, ராத்திரி லைட்ட அணைச்சப்புறம் கட்டிலுக்கு அடியில இருந்து சரக் சரக்னு சத்தம் மட்டும் வரும். இப்படி மறைஞ்சு நக்குற பூனைங்க நிறைய உண்டுன்னு டாக்டர் அப்புறமாதான் சொன்னாரு. பூனை நாக்குல இருக்குற முள்ளு நம்ம நகம் இருக்கே அதே கெரட்டின்தான், அழுக்கு எடுக்க நல்ல சீப்பு, ஆனா ஒரே இடத்துல நாள் பூரா ஓட்டினா உப்புத்தாள் வச்சு தேச்ச மாதிரிதான்.

சரி, களிம்பு கதைக்கு வரேன். தடவினேன். நான் விரல தொடச்சு முடிக்கிறதுக்குள்ள அவ கால தூக்கி உக்காந்து மொத்தத்தையும் நக்கி முழுங்கிட்டா, அன்னிக்கு ராத்திரி மூணு தடவ வாந்தி. பூனைக்கு தோல்ல தடவுறதும் வாயில ஊட்டுறதும் ஒண்ணுதான்னு அன்னிக்குதான் புரிஞ்சுது. துத்தநாகம் கலந்த க்ரீம் வயித்துக்குள்ள போகக்கூடாது. டீ ட்ரீ ஆயில் விஷம். டெட்டால், பினாயில் மாதிரி ஃபீனால் வகைய பூனையோட கல்லீரலால சரியா உடைச்சு வெளியேத்த முடியாது, பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிருக்கு உலை வைக்கிறதுக்கும் காரணம் அதேதான். நாய்க்கு கழுத்துல விடுற சொட்டு மருந்து சிலதுல பெர்மெத்ரின் இருக்கும், நாய்க்கு ஒண்ணும் ஆகாது, பூனைக்கு வலிப்பு வந்து செத்தே போகலாம்.

அப்போ எரிச்சல எப்படித்தான் அடக்குறதுன்னா, சுத்தமான துணிய குளுமையான தண்ணியில நனைச்சு பிழிஞ்சு அந்த இடத்துல அஞ்சு நிமிஷம் ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, அப்புறம் மெதுவா ஒத்தி காய வைங்க. புண்ணா இருந்தா கொதிச்சு ஆறின அரை லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மியா உப்பு போட்டு அதுல தொடைக்கலாம். முக்கியமா நாக்கு புண்ணுக்கு எட்டாம இருக்க கழுத்துல புனல் மாதிரி இருக்குற கோன் மாட்டணும், பாக்க பாவமாத்தான் இருக்கும், கருப்பி முதல் நாள் சுவத்துல சுவத்துல முட்டிக்கிட்டு என்னை ஒரு துரோகி மாதிரி பாத்தா, ஆனா நாக்கு போகாத மூணாம் நாளே சிவப்பு பாதியா குறைஞ்சுது. அரிப்பு தாங்க முடியலன்னா மாத்திரையோ ஊசியோ டாக்டர்தான் தரணும். நீர் வடியுது, நாத்தம் வருது, சாப்பிடலன்னா வீட்டு வைத்தியமே வேண்டாம். அடிவயித்த மட்டும் நக்குறது மூத்திரப்பை வலியாலயும் இருக்கலாம், அதுலயும் ஆண் பூனை ட்ரேல போய் முக்கி முக்கி ஒண்ணுக்கே வராம திரும்புதுன்னா அன்னிக்கே தூக்கிட்டு ஓடணும், மறுநாள்னு தள்ளக்கூடாது.

எனக்கு இன்னும் கோவம் அந்த மன அழுத்தம்ங்கிற வார்த்தை மேலதான். 2006ல ஒரு ஆய்வு வந்துச்சு, மனசுதான் காரணம்னு சந்தேகப்பட்ட 21 பூனைங்கள முழுசா சோதிச்சாங்க, 16க்கு உடம்புலதான் கோளாறு, வெறும் மனசு மட்டும்னு முடிவானது ரெண்டே ரெண்டு, மீதி மூணுக்கு ரெண்டும் கலந்து. நானும் வீடு மாறினதாலதான் கருப்பி இப்படின்னு நம்பிட்டு இருந்தேன். டாக்டர் அவ முதுகுல நெருக்கமான சீப்ப ஓட்டி, விழுந்த கருப்பு பொடிய ஈர வெள்ளை டிஷ்யூல தட்டினாரு, ஒவ்வொரு புள்ளிய சுத்தியும் செம்பழுப்பா ஊறிச்சு. தெள்ளுப்பூச்சியோட எச்சமாம், ஜீரணமான ரத்தம். வெளியவே போகாத பூனைக்கு தெள்ளா, ஒரு பூச்சியகூட பாக்கலயேன்னேன். நக்குறப்போ அதையும் சேத்து முழுங்கிடுதும்மா, அதோட எச்சில் ஒத்துக்காத பூனைக்கு ரெண்டு கடி போதும்னாரு. தெள்ளோட முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் வீட்டுக்குள்ளதான் கிடக்கும், அதனால பூனைக்கு மட்டும் மருந்து விட்டு நிறுத்தாம மெத்தை விரிப்பெல்லாம் சுடுதண்ணியில துவைச்சு, மூலை முடுக்கெல்லாம் வாக்குவம் போட்டு, மூணு மாசம் விடாம செஞ்சோம். வீட்ல வேற நாய் பூனை இருந்தா எல்லாத்துக்கும் சேத்துதான் பாக்கணும்.

தெள்ளு இல்லைன்னா அடுத்து சாப்பாட்டு அலர்ஜி, அதுக்கு எட்டு வாரமாவது டாக்டர் சொல்ற உணவு ஒண்ணே ஒண்ணுதான், நடுவுல ஒரு பிஸ்கட் துண்டு குடுத்தாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இதெல்லாம் தள்ளினப்புறம்தான் மனசு. நக்கும்போது அதட்டாதீங்க, இன்னும் ஒளிஞ்சுதான் நக்கும்.

கருப்பிக்கு வயித்துல முடி மூட நாலு மாசம் ஆச்சு. நீங்க அடுத்த வாரமே கால்நடை டாக்டர் ஒருத்தர கேட்டு ஒரு திருத்தம் போட்டுடுங்க, இடம் இல்லைன்னா அந்த களிம்பு வரிய மட்டுமாவது தப்புன்னு போடுங்க. கேள்வி கேட்டவரு வீட்டுப் பூனை இந்நேரம் அதைத்தான் நக்கிட்டு இருக்கும்.

இப்படிக்கு,
உங்க வாசகி