நம் பிள்ளைகளை ஆலம்பரைக் கோட்டைக்கு அழைத்துப் போக உதவுங்கள்

திருவல்லிக்கேணி உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் தெரு மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தினமும் வாலாஜா பெரிய பள்ளிவாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் 1795-இல் கட்டியது. 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையும் நடக்கிற தூரம்தான். ஆனால் இந்த நவாபுகள் யார், கடற்கரையில் அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை. யாரும் கூட்டிப்போய்க் காட்டியதில்லை.

காட்ட ஓர் இடம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போலப் போனால் கடப்பாக்கம். சங்கப் புலவர் நத்தத்தனாரின் பெயரோடு சேர்ந்து வருமே இடைக்கழிநாடு, அந்தப் பக்கம்தான். தென்னந்தோப்பு, கழிமுகம், காயும் வலைகள். அவசரமே தெரியாத ஊர். அதன் கடலோரத்தில் இடிந்து கிடக்கிறது ஆலம்பரைக் கோட்டை. வாலாஜா குடும்பத்துக்கு முன் ஆற்காட்டை ஆண்ட நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில், 1736-க்கும் 1740-க்கும் இடையில் கட்டியது. ஜரிகைத் துணியும் உப்பும் நெய்யும் இங்கிருந்து கப்பலேறின. நாணயச்சாலைகூட இருந்தது. 1750-இல் ஹைதராபாத் நிஜாம் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். பத்தே வருடம், 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததையும் 2004 சுனாமி விட்டுவைக்கவில்லை.

போன வருடம் குழுவிலிருந்து நான்கு பேர் போய்ப் பார்த்தோம். மதிலின் ஒரு துண்டு, ஆட்டோ அளவு இருக்கும், மணலில் சாய்ந்து கிடந்தது. உடைந்த இடத்தில் மெல்லிய தட்டைச் செங்கற்கள், நடுவே விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு, அதில் அரைபடாமல் தப்பிய கிளிஞ்சல் துணுக்குகள். எங்களோடு வந்த கொத்தனார் அண்ணன் நகத்தால் கீறிப் பார்த்தார். உதிரவில்லை. “இந்தக் கலவையை இப்ப யாரு அரைக்கிறா?” என்று கேட்டுவிட்டு அங்கேயே குந்திவிட்டார். நம் பிள்ளைகளில் பலருடைய அப்பாக்கள் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் இதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம். அண்ணனும் கூட வந்து சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, 42 பிள்ளைகளும் 6 பெரியவர்களுமாகப் போய்விட்டு இரவுக்குள் திரும்பத் திட்டம். பேருந்து வாடகை 21,000 ரூபாய். காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் 7,200. குடிநீர், முதலுதவிப் பெட்டி, வரைவதற்கு நோட்டு, பென்சில் எல்லாம் சேர்த்து 1,800. ஆக மொத்தம் 30,000 ரூபாய். கையில் 9,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் 21,000 வேண்டும். பிள்ளைகளிடம் பணம் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறோம். கேட்டால் யார் வராமல் நின்றுவிடுவார்கள் என்பது நமக்கே தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கடலில் இறங்கவோ மதில்மேல் ஏறவோ யாரையும் விட மாட்டோம். கழிமுகத்தில் படகு சவாரி பிள்ளைகளுக்கு ஆசைதான், இருந்தாலும் இந்த முறை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு 700 ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு பிள்ளையை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்; 50 ரூபாய் கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். பணமாகத் தர முடியாதவர்கள் வாழைப்பழமோ பிஸ்கட்டோ வாங்கித் தரலாம். தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் படிப்பகத்தில் யாராவது இருப்போம், கையோடு ரசீது தருவோம். பேருந்துக்கு டிசம்பர் 20-க்குள் முன்பணம் கட்ட வேண்டும், அதற்குள் வந்தால் பெரிய உதவி. போய் வந்த மறுவாரம் வரவு செலவுக் கணக்கையும் பிள்ளைகள் வரைந்த படங்களையும் வாசல் பலகையில் ஒட்டுகிறோம். வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
படிப்பகச் சுற்றுலாக் குழுவினர்