உலைக்களம் ஏன் இருட்டாக இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த இரும்புக் காலக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். மன்னர்களும் படையெடுப்புகளும் பக்கம் பக்கமாக வருகிறார்கள். இரும்பைக் காய்ச்சி அடித்த கொல்லனுக்கு ஒரே ஒரு வரி. அந்த மனத்தாங்கலில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட பழைய ஹிட்டைட் பேரரசு இரும்பின் ரகசியத்தைப் பூட்டி வைத்திருந்தது, அது வீழ்ந்த பிறகே வெளியே பரவியது என்கிறார் கட்டுரையாளர். இது பழைய கருத்து. இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. இரும்புத் தாது பல நாடுகளிலும் தாராளமாகக் கிடைப்பது. அரிதாக இருந்தது கைத்திறன்தான்.

செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; அச்சில் வார்த்துக்கொள்ளலாம். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். பழங்காலக் கரி உலைகள் பெரும்பாலும் எட்டியது 1,200 டிகிரியை ஒட்டித்தான். (சீனர்கள் மட்டும் மிக முன்னதாகவே வார்ப்பிரும்பு செய்தார்கள், அது தனிக் கதை.) ஆகவே உலையிலிருந்து வெளியே வந்தது கசடு கலந்து, கடற்பஞ்சு போல ஓட்டை விழுந்த ஒரு கட்டி. அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துக் கசடைப் பிதுக்கி எடுத்த பிறகே கொழுவோ கோடரியோ கிடைத்தது.

வெப்பமானி இல்லாத காலம். மங்கல் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெண்மை என்று நிறத்தைப் பார்த்தே கொல்லன் சூட்டைக் கணித்தான். வெயில் வெளிச்சத்தில் இந்த நிறங்கள் கண்ணை ஏமாற்றும். அதனால்தான் உலைக்களத்துக்கு இருட்டு தேவைப்பட்டது. அந்த இருட்டில் பறக்கும் தீப்பொறியையும், நீரில் தோய்க்கும்போது எழும் சீறலையும் வெளியே நின்று பார்த்தவர்கள் மந்திரம் என்று நம்பியதில் வியப்பென்ன?

மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களிடையே கொல்லர்கள் தனிக்குலம். தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்வார்கள். பிறருக்கு அவர்களிடம் அச்சம் உண்டு. ஆனாலும் வழக்கைத் தீர்க்கவும் சடங்கை நடத்தவும் அவர்களைத்தான் அழைப்பார்கள். கொல்லர் வீட்டுப் பெண்கள் மட்பாண்டம் வனைவார்கள். மண்ணை நெருப்பால் மாற்றும் இரண்டு தொழில்களும் ஒரே குடும்பத்தில்! ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் உருக்கு உலையையே கருவுற்ற பெண்ணாகக் கருதி, அதற்கு மார்பகங்கள் வைத்துக் கட்டினார்கள். யொரூபா மக்களின் இரும்புத் தெய்வம் ஓகுன். அத்தெய்வத்தை வழிபடுவோர் இன்றும் நைஜீரிய நீதிமன்றங்களில் இரும்பின் மீது சத்தியம் செய்வதுண்டு. கிரேக்கரின் கொல்லத் தெய்வமான ஹெபஸ்டஸ் கால் ஊனமுற்றவர். மற்ற தெய்வங்கள் அவர் நடையைக் கண்டு சிரித்தன. கவசம் வேண்டுமென்றால் அவர் வாசலுக்கே வந்தன. ஊருக்கு வேண்டியவனாகவும் ஊரால் விலக்கப்பட்டவனாகவும் கொல்லன் வாழ்ந்ததை இந்தக் கதை மறைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. கட்டுரையின் படங்கள் அத்தனையும் வாள்கள். இரும்புக்கு முன் புழங்கிய வெண்கலத்துக்குச் செம்போடு வெள்ளீயமும் வேண்டும்; அது சில இடங்களில் மட்டுமே கிடைத்து, நெடுந்தொலைவு பயணப்பட்டு வந்த பொருள். இரும்புக்கு அந்தத் தடை இல்லாததால்தான் உழவனின் கைக்கு உலோகக் கருவி பரவலாக வந்து சேர்ந்தது. கட்டுரையின் அடுத்த பகுதியில் ஒரு மண்வெட்டியின் படத்தையும், துருத்தி ஊதியவர்களைப் பற்றி ஒரு பத்தியையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்