டவர் கிடைக்கலையா?

அன்புள்ள கண்ணு,

பொங்கலுக்கு வந்திருந்த மூன்று நாளும், சாப்பிட்டுக் கை கழுவியதும் "டவர் கிடைக்கலைப்பா" என்று போனைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனாய். திரும்பி வரும்போது வாயில் ஹால்ஸ் வாசம். உன் தாத்தாவை ஏலக்காய் மென்று ஏமாற்றியவன் நான். எனக்குத் தெரியாதா?

பஸ் ஏற்றிவிடும்போது சிகரெட்டைப் பற்றிக் கேட்டேன். "நாளைக்கு ரெண்டுதான்ப்பா, உங்களை மாதிரி கட்டுக்கட்டா இல்லை" என்றாய். எனக்குப் பதில் வரவில்லை. ஏழு வயதில் உன் கையில் சில்லறை கொடுத்து, பீடிக்கட்டு வாங்கி வா, மீதிக்குக் கடலைமிட்டாய் வாங்கிக்கொள் என்று அனுப்பியவன் நான்தானே. எந்த முகத்தோடு புத்தி சொல்வது?

ஆனால் அந்த 'ரெண்டுதான்' மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். இதயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாதாம். நாளைக்கு இருபது பிடிப்பவனுக்குக் கூடுகிற ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவனுக்கும் வந்துவிடுகிறதாம். 2018-ல் வந்த ஆய்வு. ரத்தக்குழாயின் உள்சுவர் கெடவும், ரத்தம் கட்டிக்கொள்ளவும் கொஞ்சம் புகையே போதும் என்றார். இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. கிருஷ்ணகிரி தாண்டி வண்டி ஓட்டும்போது இடது தோளும் தாடையும் இழுத்தன. வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் குடித்தேன். கூடவே ஒரு பீடியையும் பற்றவைத்தேன், பார்த்துக்கொள். கிளீனர் பையன் மட்டும் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

அப்புறம் நான் ஒரே நாளில் விட்டுவிட்டதாக உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய். முதல் மூன்று நாள் தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். டாக்டரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம் வாங்கினேன். அதையும் பபிள்கம் மாதிரி மென்று தள்ளி, விக்கல்தான் மிச்சம். காரம் ஏறுகிற வரை மென்று, அப்புறம் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டுமாம். டீ குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக இறங்காதாம். லாரிக்காரனுக்கு டீயும் பீடியும் ஒரே மூச்சு, நான் டீக்கடையிலேயே நின்று மென்றுகொண்டிருந்தேன்! அன்றைக்கு டீக்கடையை விட்டவன்தான், ஆறு மாதம் பெஞ்சில் உட்காரவில்லை. பழைய கூட்டாளிகள் கோபித்துக்கொண்டார்கள். போகட்டும்.

நான்காவது மாதம் உன் பெரியப்பா காரியத்தில், யாரோ நீட்டியதும் வாங்கிவிட்டேன். பந்தலுக்குப் பின்னால் நின்று முழுசாகப் பிடித்தேன். இதை உன் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. மறுநாள் காலையில் திரும்பவும் முதல் நாள் என்று எண்ண ஆரம்பித்தேன்.

உனக்கு 29 வயதுதான். கடைசியாகப் பிடித்து ஒரு நாளிலேயே ரத்தத்தில் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சுவாயு பெரும்பாலும் வெளியேறிவிடும். ஒரு வருடம் தாண்டினால் மாரடைப்புக்கான கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஓர் எண் போட்டிருப்பான், அரசாங்கத்தின் இலவச ஆலோசனை. என்னிடம் பேசக் கூச்சமாக இருந்தால் அவர்களிடம் பேசு.

ஆசை வந்தால் அஞ்சு நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும், அடங்கிவிடும். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது டவர் கதையெல்லாம் வேண்டாம். சாப்பிட்டதும் கொட்டகைப் பக்கம் கால் போனால் என்னையும் கூப்பிடு. செவலை இப்போது சினையாக இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே அந்த அஞ்சு நிமிஷத்தைப் பேசி ஓட்டிவிடலாம்.

அப்பா