பி பிளாக் மூன்றாம் மாடி அக்காவுக்கு

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களை விசாரிக்கிற முப்பதாவது நாள் போன் நேற்று சாயங்காலம் பேசி முடித்தோம். இதய பலவீனத்தால் எமர்ஜென்சிக்குப் போய்த் திரும்பிய நாலு பேரும் வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்த வாரம் ஆம்புலன்ஸ் எத்தனை தடவை வந்தது, யார் யார் தூக்கிக்கொண்டு படி இறங்கினீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இதய பலவீனக்காரர்களுக்கு ஃபாலோ-அப் பார்க்கிற எங்கள் குழுவின் நன்றியைச் சொல்லத்தான் இந்த மடல். பெரும் பங்கு ஒருவருக்குப் போகிறது. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறோம்.

அக்கா செய்தது, தன் வீட்டு எடை மிஷினை எடுத்து வாசலில் வைத்தது.

இதயம் சரியாகப் பம்ப் செய்யாதபோது உடம்பில் உப்பும் நீரும் தங்கும். ஒரு லிட்டர் நீர் தங்கினால் ஒரு கிலோ ஏறும். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்குள் பலருக்கு இரண்டு மூன்று லிட்டர் சேர்ந்துவிடும். எடை அதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். அதனால்தான் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘தினமும் எடை பார்க்கவும்’ என்று எழுதி அனுப்புகிறோம். எழுதிய நாங்கள், வீட்டில் மிஷின் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வீட்டிலும் இல்லை. மூன்றாம் நாள் போனில்தான் அது தெரிந்தது. அதற்குள் அக்காவின் வாசலில் வரிசை ஆரம்பித்துவிட்டது.

தண்ணீர் லாரிக்காக எப்படியும் அஞ்சரைக்கு எழுந்துவிடுவாராம். பாத்ரூம் போய்விட்டு வரணும், காபி குடித்திருக்கக் கூடாது, நேற்று உடுத்திய மாதிரியே லேசான துணி. இந்த மூன்றும் நாங்கள் சொன்னவை. மற்றதெல்லாம் அவரே கண்டுபிடித்தது. முதல் நாள் மிஷினைக் கால்மிதி மேல் வைத்தாராம். ஏறி இறங்கி ஏறினால் ஒவ்வொரு தடவையும் ஒரு எடை. மெத்தென்ற இடத்தில் மிஷின் சரியாகக் காட்டாது. சிமெண்டுத் தரைக்கு மாற்றினார். இரண்டாம் மாடித் தாத்தா கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். பிடித்த கை தாங்குகிற அளவுக்கு எடை குறைத்துக் காட்டும். இன்று பிடித்து, நாளை பிடிக்காமல் நின்றால், ஏறாத எடை ஏறின மாதிரி ஆகிவிடும். கையை விடச் சொல்லிவிட்டு, தலைசுற்றினால் தாங்குவதற்கு அக்கா தொடாமல் பின்னால் நின்றுகொண்டார். பயிற்சி வகுப்பில் நாங்கள் இதைச் சொல்லிக்கொடுப்பதே இல்லை. இனி சொல்வோம்.

எழுதி வைக்க நோட்டு வாங்கவில்லை. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் நாலு பேர் எடையும். தேதிதான் முன்பக்கமே இருக்கிறதே! வீடு திரும்பிய மறுநாள் காலை எடையை மட்டும் சிவப்பு மையில் எழுதி நிலைப்படியில் ஒட்டினார். அதிலிருந்துதான் கணக்கு. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் எங்களுக்கு போன். எடை ஏறிவிட்டதே என்று நீர் மாத்திரையை (தங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) தானாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது, டாக்டர் முன்கூட்டியே அளவு சொல்லி வைத்திருந்தால் தவிர. வாந்தி பேதியில் எடை இறங்கி, எழுந்தால் கண் இருட்டினாலும் அதே போன்தான்.

பதினோராம் நாள் அந்த போன் வந்தது. நாலு பேரில் ஒருவருக்கு மூன்று நாளில் இரண்டேகால் கிலோ ஏறியிருந்தது. முந்தின சாயங்காலம்தான் நாங்கள் அவரிடம் “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்று கேட்டிருந்தோம். “போடுறேம்மா” என்றார். அக்கா கேட்டது வேறு: “ரெண்டு நாளா எங்க போயிட்டு வந்தீங்க?” தாம்பரத்தில் கல்யாணம். பஸ்ஸில் நடுவழியில் எங்கே இறங்கி ஒதுங்குவது என்று பயந்து நீர் மாத்திரையை இரண்டு நாளும் விட்டிருக்கிறார். பந்தியில் அப்பளமும் ஊறுகாயும் வேறு. அன்றைக்கே ஓ.பி.யில் காட்டினார்கள். வெளியே போகிற நாளில் மாத்திரையை விடாமல், வீடு திரும்பியதும் நாலு மணிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். அதற்கும் பிந்தினால் ராத்திரித் தூக்கம் போய்விடும்.

‘ஒழுங்கா’ என்று கேட்டால் யாராக இருந்தாலும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியை எங்கள் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம். “இந்த வாரம் எந்தெந்த நாள் வெளியே போனீங்க? அன்னிக்கு மாத்திரையை என்ன பண்ணினீங்க?” என்பதுதான் இனி முதல் கேள்வி. அடுத்தது, வீட்டில் எடை மிஷின் இருக்கிறதா.

மற்றவர்களையும் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் கிடந்த பழைய மாத்திரை அட்டைகளையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருப்பதைப் பிடித்த மருமகள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் கேட்டபோது, இது உடம்பில் நீரைத் தங்க வைக்கும், டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பிய மெடிக்கல் கடைத் தம்பி. தாளிப்பதற்கு முன்னாலேயே உப்புப் போடாத சாம்பாரைத் தனியாக எடுத்து வைத்த மெஸ் அம்மா. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக பி.பி. பார்க்கிற சகோதரி, 108 ஊழியர்கள், லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து நாற்காலியோடு இறக்கிய பையன்கள். எல்லாருக்கும் நன்றி. உப்புக்குப் பதில் ‘லோ சோடியம்’ உப்பு வாங்கிக்கொடுத்த அண்ணனுக்கும்தான். ஆனால் அண்ணே, அதில் பொட்டாசியம் இருக்கிறது. இவர்கள் சாப்பிடுகிற சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அக்கா, மிஷினில் எண் மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னீர்கள். பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான் ஆகும், எடையும் தப்பாகக் காட்டலாம். புது பேட்டரி திங்கட்கிழமை கொண்டுவருகிறோம். அதுவரை கிழித்த காலண்டர் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஓ.பி.க்கு டாக்டர் அதைத்தான் கேட்டிருக்கிறார்.