சியோலுக்கு வருகிறவர்களைப் பற்றி

கிளென்டேல், அரிசோனா
மார்ச் 10, 2024

அன்புள்ள பாப்பா,

20ஆம் தேதி பேஸ்பால் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்னதிலிருந்து, நான் இங்கே கேமல்பேக் ராஞ்ச் பயிற்சி மைதானத்துக்குப் போகும்போதெல்லாம் உனக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். நம் வீட்டிலிருந்து கார் எடுத்தால் எட்டிவிடும் தூரத்தில் ஒரு மாதமாகப் பயிற்சி செய்கிற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி, இன்னும் பத்து நாளில் நீ இருக்கும் ஊரில் சீசனைத் தொடங்கப் போகிறார்கள். கொரியாவில் அமெரிக்க மேஜர் லீக்கின் சீசன் ஆட்டம் நடப்பது இதுதான் முதல் தடவை. அதை நேரில் பார்க்க நீ அங்கே இருக்கிறாய் என்று நினைத்தாலே மனசு நிறைகிறது. அவர்கள் அங்கே வருவதற்குள், நான் பார்த்ததை எழுதிவிடுகிறேன்.

சியோல் பயணத்துக்காக இந்த வருஷம் எல்லாம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. பிப்ரவரி 9ஆம் தேதியே பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அதைப் பிடிப்பவர்கள்) வந்துவிட்டார்கள். கூட்டமும் முன்போல இல்லை. நாம் காலையில் சாவகாசமாக நடந்துபோய், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பயிற்சி பார்ப்போமே, அந்த இடத்தில் இப்போது ஜப்பானிலிருந்து வந்த கேமராக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள். இந்த வருஷம் டாட்ஜர்ஸில் சேர்ந்த ஜப்பான்காரர் ஒஹ்தானி ஒரு மைதானத்திலிருந்து அடுத்த மைதானத்துக்கு நடந்தால் மொத்தக் கூட்டமும் கூடவே நகர்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய 17ஆம் நம்பர் சட்டைதான்.

அந்த ஒஹ்தானியின் முதல் ஆட்டத்தை நான் பார்த்தேன். பிப்ரவரி 27, சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்கு எதிராக நடந்த பயிற்சி ஆட்டம். முதல் தடவை பேட் பிடித்தபோது ஸ்ட்ரைக் அவுட். இரண்டாவது தடவை டபுள் பிளே, அவர் அடித்த ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். அப்பா, "புது ஊர், கொஞ்ச நாள் ஆகும்" என்றார். மூன்றாவது தடவை இடது பக்கமாக ஒரு பந்தைத் தூக்கினார். இடதுகை ஆட்டக்காரர் இடது பக்கம் அடித்தால் அதில் முழு பலம் இருக்காது இல்லையா? சாதாரண கேட்ச் என்றுதான் நினைத்தேன். பந்து போய்க்கொண்டே இருந்தது, வேலிக்கு வெளியே விழுந்தது. இந்தப் பாலைவனக் காற்றில் பந்து கொஞ்சம் கூடுதலாகப் போகும், சரி. ஆனாலும் செப்டம்பரில் முழங்கை ஆபரேஷன் ஆனவர் அவர். அதனால்தான் இந்த வருஷம் பந்து வீசப் போவதில்லை, பேட்டிங் மட்டும்தான். பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டதும், அந்தப் பாரம் முகத்தில் தெரியுமோ என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. இரண்டு தடவை அவுட் ஆனபோதும் அதே அமைதியோடுதான் திரும்பி நடந்தார். அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது என்றும் அறிவித்துவிட்டார். நல்லா இருக்கட்டும்.

டாட்ஜர்ஸின் இன்னொரு புது ஜப்பான்காரர், பிட்சர் யமமோட்டோவைப் பற்றி நீ கேட்டிருந்தாய். ஜப்பானில் சிறந்த பிட்சருக்கான சவாமுரா விருதை மூன்று வருஷம் தொடர்ந்து வாங்கியவர். மேஜர் லீக்கில் இன்னும் ஒரு பந்துகூட வீசாதவருக்கு 12 வருஷம், 32.5 கோடி டாலர். பக்கத்தில் நிற்கிற பிட்சர்களோடு பார்த்தால் உருவம் சின்னது. பளு தூக்குவதைவிட ஈட்டி எறிந்து பழகுகிறவர் அவர். பந்து வீசும்போதும் அது தெரிகிறது. உடம்பு முழுவதும் ஒரே வீச்சாகப் போகிறது, கையை மட்டும் தனியாகச் சுழற்றுவதில்லை. பக்கத்து ஊர் சர்ப்ரைஸில் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸை 19 பந்தில் முடித்தார், மூன்று பேர் ஸ்ட்ரைக் அவுட். அடுத்த தடவை இங்கேயே, வைட் சாக்ஸிடம் மூன்று இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்தார். மறுநாள் கடையில் நின்றவர்கள்கூடக் கவலைப்பட்டார்கள். எனக்குக் கவலை இல்லை. மார்ச் மாதத்தில் பிட்சர் ஜெயிப்பதற்காக வீசுவதில்லை. ஒரு பந்தை எடுத்து, அது எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்காக வீசுகிறார். எதிரில் நிற்பவர் அதை அடித்தால் அதுவும் அவருக்கு ஒரு பாடம்தான். யமமோட்டோவின் கர்வ்பால் (வளைந்து விழும் பந்து) மேலே போய், ஒரு கணம் நின்றுவிட்டு விழுவதுபோல இருக்கிறது. ஆனால் அவர் வீசப் போவது இரண்டாம் நாள் என்கிறார்கள். உனக்கு டிக்கெட் முதல் நாள்.

முதல் நாள் வீசப் போவது கிளாஸ்னோ. ஆறடி எட்டு அங்குலம். கையை நீட்டிப் பந்தை விடும்போது பாதி தூரம் வந்து கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர் மாதிரி இருக்கிறார். உடம்பு ஒத்துழைத்தால் அவரை அடிப்பது கஷ்டம். இதற்கு முன் பல வருஷம் காயத்தோடே போனதால், அந்த 'உடம்பு ஒத்துழைத்தால்' என்பதை எல்லாரும் சேர்த்தே சொல்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸும் கேவின் லக்ஸும் மைதானத்தில் நிற்கும் இடம் மாறிவிட்டார்கள். முந்தாநாள் வெள்ளிக்கிழமைதான் சொன்னார்கள். பெட்ஸ் இனி ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர்), லக்ஸ் செகண்ட் பேஸ். ரைட் ஃபீல்டில் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் விருதை ஆறு தடவை வாங்கிய ஒருவர், 31 வயதில், சீசன் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாதபோது, மைதானத்திலேயே கஷ்டமான இடத்துக்குச் சரி என்று போகிறார். அவருக்கு இருக்கும் பேருக்கும் பணத்துக்கும் மறுத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அவர் மேல் முன்பைவிட மரியாதை கூடியிருக்கிறது. அங்கே அவருடைய காலைக் கவனித்துப் பார். தரையோடு வரும் பந்துக்காகக் காத்து நிற்காமல், சின்னச் சின்ன எட்டாக வைத்து அதை எதிர்கொண்டு போகிறார். ஹைஸ்கூலில் உன் கோச் உங்களை நூறு தடவை செய்யவைத்ததும் அதுதான்.

ஆனால் உனக்கு நான் எழுத உட்கார்ந்ததே லக்ஸுக்காகத்தான்.

போன வருஷம் இதே பிப்ரவரி 27, பியோரியாவில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்த வெயில் ஞாபகம் இருக்கிறதா? நீ சியோல் போவதற்கு முன் நாம் சேர்ந்து பார்த்த கடைசி ஆட்டம். லக்ஸ் செகண்ட் பேஸிலிருந்து மூன்றாவது பேஸுக்கு ஓடிக்கொண்டிருந்தான். வரும் பந்துக்குக் குனிந்தான், கால் மடங்கியது, விழுந்தான். அரங்கத்தில் யாருக்கும் என்னவென்று புரிவதற்கு முன்னாலேயே நீ என் கையைப் பிடித்து, "முட்டிம்மா" என்றாய். அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்வரை நீ கையை விடவே இல்லை. அவனுக்கும் உன்னைப் போல வலது முட்டி. ஒரு சீசன் முழுக்கப் போய்விட்டது.

இந்த வருஷம் அவனை முதலில் பார்த்தது பின்பக்க மைதானத்தில், பேஸைச் சுற்றி ஓடும் பயிற்சியில். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். நன்றாகவே ஓடுகிறான். பேஸை உதைத்துத் திரும்பும்போது உடம்பு உள்பக்கம் சாய வேண்டும் இல்லையா, பயமில்லாமல் சாய்கிறான். அந்த ஒரு காட்சிக்காகவே காலை ஆறு மணிக்குக் கிளம்பியது தகும்.

பந்தை எறிவதில்தான் சிக்கல் வந்தது. ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு அவன் எறிந்த பந்துகள் அடிக்கடி தப்பின, ஒன்று உயரப் போகும், ஒன்று தரையில் குத்தும். அதைப் பார்க்கும்போது எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். ஆபரேஷன் முடிந்து பத்தாவது மாதம், டாக்டர் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லியும், மூன்றாவது பேஸ் பக்கம் ஓடிப் பந்தைப் பொறுக்கி, வலது காலை ஊன்றி எறிய வேண்டிய இடத்தில் நீ ஒரு கணம் யோசிப்பாய். அந்த ஒரு கணத்தில் பந்து எங்கேயோ போய்விடும். காரில் வரும்போது நீ பேசவே மாட்டாய். அன்றைக்கு நான், "இன்னும் கொஞ்சம் பயிற்சி எடு" என்று மட்டும் சொன்னேன். அது தப்பு, பாப்பா. கால் ஆறுவது வேறு, அதன் மேல் நம்பிக்கை வருவது வேறு என்று எனக்கு அப்போது புரியவில்லை. உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்திருக்க வேண்டும்.

செகண்ட் பேஸில் எறியும் தூரம் குறைவு. 2022இல் அவன் பெரும்பாலும் ஆடிய இடமும் அதுதான். இடம் மாற்றியதை அவனைக் கீழே இறக்கியதாக இங்கே சிலர் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கை பழகிய இடத்தில் முதலில் நிற்கட்டும்.

அங்கே அன்று அரங்கம் முழுக்க எதிரணியான பாட்ரெஸின் கொரிய ஆட்டக்காரர் கிம் ஹா-சோங்குக்காகத்தான் கத்தும். ஆட்டம் நடக்கும் கோசோக் ஸ்கை டோம் அவர் கொரிய அணியான கிவூம் ஹீரோஸுக்காக ஆடிய பழைய வீடு ஆயிற்றே. நீயும் அவருக்குக் கைதட்டு, அது நியாயம். நடுவில் லக்ஸிடம் முதல் பந்து தரையோடு வரும்போது மட்டும் வேறு எங்கும் பார்க்காதே. அவன் எறிவதைப் பார்த்து உடனே எனக்கு மெசேஜ் போடு. இங்கே அதிகாலை மூன்று மணியாக இருக்கும். டிவியில் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், ஆனாலும் நீ சொல்ல வேண்டும். அப்பாவும் எழுப்பச் சொல்லியிருக்கிறார்.

குளிர் இன்னும் போகவில்லை என்றாய், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா